ஒரு மாவட்டமும் 33 ஊராட்சிகளும்: கிழக்கு டிரோலின் புவியியலும் உள்ளாட்சியும்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இன்ஸ்ப்ருக்கைத் தலைநகராகக் கொண்ட பெரிய துண்டு வடக்கே இருக்கிறது. தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலையின் முதன்மை முகட்டுக்கு அப்பால், அதனோடு ஒட்டாமல் இருக்கிறது சிறிய துண்டு. மக்கள் அதைக் கிழக்கு டிரோல் என்கிறார்கள். நிர்வாக ஏடுகளில் அதன் பெயர் லீயன்ஸ் மாவட்டம். மாவட்டத் தலைநகரிலிருந்து மாநிலத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் சால்ஸ்பர்க் மாநிலத்தைக் கடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இத்தாலி வழியாகச் சுற்ற வேண்டும். சொந்த மாநிலத்தின் மண்ணிலேயே போய்ச் சேர வழியில்லை.

சுமார் 2,020 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 49,000 பேர் வாழ்கிறார்கள். மாநிலப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. மக்கள்தொகையிலோ பதினாறில் ஒரு பங்குதான். இந்த 49,000 பேருக்கு 33 ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம், தனி வரவுசெலவுத் திட்டம். நடுத்தர நகரம் ஒன்றின் மக்கள்தொகைக்கு இத்தனை மன்றங்கள் எதற்கு என்ற கேள்வி ஆஸ்திரியாவில் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. மலைப்பகுதி உள்ளாட்சிகளைக் குறித்து ஸ்விட்சர்லாந்திலும் இதே கேள்வி எழுந்தது. விடை மட்டும் வேறாக அமைந்தது. இந்த மாவட்டத்தின் நிலம், வரலாறு, வருவாய், ஆபத்துகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தின் அமைப்பு

வடக்கு எல்லை நெடுக நிற்பது ஹோஹே டவுர்ன் மலைத்தொடர். ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரமான குரோஸ்குளோக்னர் (3,798 மீட்டர்) மாவட்டத்தின் வடகிழக்கில் கேரிந்தியா மாநில எல்லையில் எழுகிறது. அதற்கு மேற்கே, பனிமூடிய குரோஸ்வெனடிகர் 3,650 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. தெற்கில் கார்னிக் ஆல்ப்ஸின் முகடு இத்தாலியுடனான எல்லையாகிறது. முதல் உலகப் போரில் அதுவே போர்முனையாக இருந்தது. லீயன்ஸ் நகரத்துக்குத் தெற்கே வெளிறிய சுண்ணாம்புப் பாறைச் சுவராக நிற்பவை லீயன்ஸ் டோலமைட் மலைகள்.

புஸ்டர் பள்ளத்தாக்கும் கைல் பள்ளத்தாக்கும் கிழக்கு மேற்காக நேராக நீள்கின்றன. ஆல்ப்ஸ் மலையைத் தெற்கு, வடக்கு எனப் பிரிக்கும் மாபெரும் நிலப்பிளவு இந்தப் பகுதி வழியே செல்கிறது. பிளவில் நொறுங்கிய பாறையை ஆறும் பனியாறும் எளிதாக அரித்தெடுத்ததால் பள்ளத்தாக்குகள் அதன் போக்கிலேயே அமைந்தன. வடக்கே டவுர்ன் மலையிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்குகளுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஃபிர்கன், டெஃபரெகன், டவுர்ன், கால்ஸ் எனக் குறுகலான நீண்ட பள்ளத்தாக்குகளாக அவை கிளை பிரிந்து, இடையிடையே 3,000 மீட்டரை எட்டும் மலைமுதுகுகளால் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்டுக் கிடக்கின்றன.

அந்தக் கிளைகளின் நீரையெல்லாம் சேர்த்துக்கொள்வது ஈஸல் ஆறு. பிரேக்ராட்டனுக்கு மேலே உம்பால் பனியாற்றின் அடியில் பிறந்து, 57 கிலோமீட்டர் ஓடி, லீயன்ஸ் நகரில் டிராவ் ஆற்றோடு கலக்கிறது. கலக்கும் இடத்தில் டிராவைவிட ஈஸலில்தான் நீர் அதிகம்; ஆனாலும் அதன்பின் பெயர் டிராவுக்கே. அந்த டிராவ் இத்தாலியின் டோப்லாக் சமவெளியில் தோன்றுகிறது. தட்டையாகத் தெரியும் அந்தப் புல்வெளிதான் நீர்ப்பிரிமுகடு. அங்கே பெய்யும் மழையில் ஒரு பகுதி மேற்கே ஓடி அட்ரியாட்டிக் கடலைச் சேர்கிறது. மறு பகுதி டிராவ் வழியாக டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது.

இந்த நிலத்தில் மனிதர் நிலையாகக் குடியிருக்கத் தக்க இடம் மிகக் கொஞ்சம். டிரோல் மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலே அது சுமார் 12 விழுக்காடுதான். லீயன்ஸ் மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. எஞ்சியதெல்லாம் பாறை, பனி, செங்குத்தான காடு, கோடை மேய்ச்சல் மேடு. மாவட்டத்தில் ஓரளவு அகன்ற ஒரே சமவெளி, கடல் மட்டத்திலிருந்து 673 மீட்டர் உயரத்தில் உள்ள லீயன்ஸ் வடிநிலம். மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கேயும் அதைச் சூழ்ந்த சரிவுகளிலும் வாழ்கிறார்கள்.

எல்லைகள் உருவான விதம்

இன்றைய மாவட்டம் ஒரே அரசின் நிலமாகத் தொடங்கவில்லை. லீயன்ஸ் நகரும் அதைச் சுற்றிய பகுதிகளும் கோர்ஸ் பிரபுக்களின் ஆட்சியில் இருந்தன. நகரின் மேற்கு விளிம்பில் நிற்கும் புரூக் கோட்டை அவர்களுடையது. 1500ல் அந்த வம்சத்தின் கடைசிப் பிரபு லியோன்ஹார்ட் வாரிசின்றி இறந்தபோது நிலம் ஹாப்ஸ்பர்க் அரசர் முதலாம் மாக்சிமிலியனிடம் வந்து டிரோலோடு சேர்ந்தது. ஈஸல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியான மாட்ரையோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சால்ஸ்பர்க் பேராயரின் ஆட்சியில் இருந்தது. டெஃபரெகன் பள்ளத்தாக்கு இந்த இரண்டு ஆட்சிகளுக்கும் இடையே பங்கு போடப்பட்டிருந்தது. 1684ல் அங்கே புராட்டஸ்டன்ட் நம்பிக்கையைக் கைவிட மறுத்த குடும்பங்களைச் சால்ஸ்பர்க் பேராயர் நாடு கடத்தினார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும்படி பெற்றோர் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ள டிரைஹெர்ன்ஷ்பிட்ஸெ சிகரத்தின் பெயருக்கு மூன்று பிரபுக்களின் சிகரம் என்று பொருள். மூன்று ஆட்சிகளின் எல்லைகள் கூடிய இடம் அது.

1919ல் வந்தது பெரிய வெட்டு. செயின்ட் ஜெர்மன் உடன்படிக்கை தெற்கு டிரோலை இத்தாலிக்குக் கொடுத்தது. அதுவரை லீயன்ஸ் மக்களின் வாழ்க்கை மேற்கு நோக்கியே இருந்தது. 1871ல் திறக்கப்பட்ட புஸ்டர் பள்ளத்தாக்கு ரயில்பாதை அவர்களை ஃபிரான்சன்ஸ்ஃபெஸ்டெ வழியாக இன்ஸ்ப்ருக்கோடு இணைத்திருந்தது. உடன்படிக்கைக்குப் பின் அந்தப் பாதையின் நடுப்பகுதி வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. 1938ல் நாஜி ஆட்சி கிழக்கு டிரோலைக் கேரிந்தியாவோடு சேர்த்தது. போர் முடிந்து 1947ல்தான் மாவட்டம் டிரோலுக்குத் திரும்பியது.

பிரிந்த இரண்டு துண்டுகளை ஒட்டவைத்தது ஒரு சுரங்கம். டவுர்ன் முகட்டின் அடியில் சுமார் 5.3 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடையப்பட்ட ஃபெல்பர்டவுர்ன் சாலைச் சுரங்கம் 1967 ஜூனில் திறக்கப்பட்டது. அதற்கு முன் குளிர்காலத்தில் டிரோலின் மற்ற பகுதிகளுக்குச் சாலைவழி போக இத்தாலியைச் சுற்றியாக வேண்டும். அந்த ஒரே இழை எவ்வளவு மெல்லியது என்பது 2013 மே மாதம் தெரிந்தது. மாட்ரைக்கு வடக்கே ஷில்டால்ம் பகுதியில் மலைச்சரிவு இறங்கி, சாலையைக் காக்கக் கட்டிய கான்கிரீட் கூரையையே உடைத்துப் போட்டது. மாற்றுச் சாலை அமைத்து, ஜூலை மாதக் கடைசியில் போக்குவரத்தை மீட்கும் வரை மாவட்டத்தின் வடக்கு வாசல் மூடிக் கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இத்தாலி வழியாக லீயன்ஸுக்கும் இன்ஸ்ப்ருக்குக்கும் இடையே ஓடிய நேரடி ரயில்களும் நிறுத்தப்பட்டு, பேருந்துகள் விடப்பட்டன.

33 ஊராட்சிகள்

ஆஸ்திரியாவில் உள்ளாட்சியின் நவீன வடிவம் 1849ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. மாவட்ட நிர்வாக அலுவலகங்கள் 1868ல் வந்தன. மாவட்டம் என்பது மாநில, கூட்டாட்சி அரசுகளின் நிர்வாகக் கை. அதன் தலைமை அதிகாரி நியமிக்கப்படுபவர், மக்கள் தேர்ந்தெடுப்பவர் அல்லர். வாக்குச்சீட்டு நேரடியாகச் செல்லுபடியாகும் அடித்தளம் ஊராட்சிதான். டிரோலில் மேயரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 6 ஆண்டு.

சட்டத்தின் பார்வையில் எல்லா ஊராட்சிகளும் ஒன்றுதான். நகரம், சந்தை ஊர் என்பவை பெருமைக்குரிய பட்டங்களே தவிர, அதிகாரத்தில் வேறுபாடு தருபவை அல்ல. லீயன்ஸ் மட்டுமே நகரம். மாட்ரை, சில்லியான், நுஸ்டோர்ஃப்-டெபான்ட் ஆகிய மூன்றும் சந்தை ஊர்கள். கட்டட அனுமதி, குடிநீர், கழிவுநீர், தொடக்கப் பள்ளிக் கட்டடம், உள்ளூர்ச் சாலை, தீயணைப்பு, நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று சுமார் 12,000 பேர் வாழும் லீயன்ஸ் நகர மேயருக்கு என்னென்ன கடமைகள் உண்டோ, அவையெல்லாம் முந்நூறு பேர்கூட இல்லாத உன்டர்டில்லியாக் மேயருக்கும் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கையும் பரப்புக் கணக்கையும் அருகருகே வைத்தால் மாவட்டத்தின் உண்மையான தோற்றம் புலப்படும். லீயன்ஸ் நகரத்தின் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். மாட்ரை ஊராட்சியின் பரப்பு அதைப்போல் பதினேழு மடங்கு, சுமார் 278 சதுர கிலோமீட்டர். மக்கள் 4,600 பேர் அளவில். டெஃபரெகனின் தலைமாட்டில் உள்ள செயின்ட் யாக்கோப் 186 சதுர கிலோமீட்டரைக் கொண்டது. அங்கே வாழ்பவர்கள் 900 பேருக்கும் குறைவு. கால்ஸும் பிரேக்ராட்டனும் ஒவ்வொன்றும் 180 சதுர கிலோமீட்டர், சற்றேறக்குறைய 1,100 பேர். இந்த நான்கு ஊராட்சிகள் மட்டுமே மாவட்டப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கை வைத்திருக்கின்றன. மக்களிலோ ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் அங்கே இருக்கிறார். வடிநிலத்தின் விளிம்பில் உள்ள கைம்பெர்க், துர்ன், ஆம்லாக் போன்ற ஊராட்சிகளின் நிலை நேர்மாறானது. அவை பரப்பில் சிறியவை, நகரத்தை ஒட்டியவை, அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் நாள்தோறும் நகரத்துக்கு இறங்குகிறார்கள்.

இந்த 33 ஊராட்சிகளையும் ஒரே வகையாகக் கருதுவது பிழை. குறைந்தது மூன்று வகைகள் தெரிகின்றன. முதல் வகை, வடிநில ஊர்கள். லீயன்ஸும் அதைச் சூழ்ந்த ஊர்களும் நடைமுறையில் ஒரே நகரப் பகுதியாகிவிட்டன. லீப்ஹெர் நிறுவனத்தின் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலைதான் லீயன்ஸின் முதன்மையான வேலைவாய்ப்பு. அதன் தொழிலாளர்கள் பல ஊராட்சிகளிலிருந்து வருகிறார்கள்.

இரண்டாம் வகை, பெரிய பள்ளத்தாக்கின் சாலையோர ஊர்கள். புஸ்டர் பள்ளத்தாக்கில் சில்லியான், ஹைன்ஃபெல்ஸ், ஸ்ட்ராசன், ஆப்ஃபால்டர்ஸ்பாக் ஆகியவை ஒரே சாலையிலும் ஒரே ரயில்பாதையிலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தெற்கு டிரோலைச் சேர்ந்த லோக்கர் நிறுவனம் ஹைன்ஃபெல்ஸில் நடத்தும் வேஃபர் ஆலைக்கு எல்லையின் நெருக்கம் ஆதாயம். ஆஸ்லிங் இந்த வகையில் கவனிக்க வேண்டிய ஊராட்சி. சரிவுகளில் சிதறிக் கிடந்த பல சிற்றூராட்சிகளை 1939ல் நாஜி ஆட்சி ஒன்றாக்கியதில் பிறந்தது அது. போருக்குப் பின்னும் பிரியாமல் இன்றுவரை நிலைத்துவிட்டது.

மூன்றாம் வகை, பள்ளத்தாக்கின் தலைமாட்டு ஊர்கள். கால்ஸ், பிரேக்ராட்டன், செயின்ட் யாக்கோப், இன்னர்ஃபில்கிராட்டன், உன்டர்டில்லியாக் போன்றவை இவை. இவற்றுக்கு ஒரே சாலைதான் வாழ்வு. செயின்ட் யாக்கோப்பிலிருந்து மேற்கே இத்தாலியின் அன்டோல்ஸ் பள்ளத்தாக்குக்கு 2,052 மீட்டர் உயரமுள்ள ஸ்டாலர் கணவாய் வழியாக ஒரு சாலை போகிறது. இத்தாலியப் பக்கத்தில் அது மிகக் குறுகலானது என்பதால் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஏறுபவர்களுக்கும் இன்னொரு நேரத்தில் இறங்குபவர்களுக்குமாக மணிக்கணக்குப் பார்த்துத்தான் விடுவார்கள். பனி விழுந்தால் அதுவும் அடைபடும். உன்டர்டில்லியாக்கின் நிலை வேறு விதம். அங்கே ஓடும் கைல் ஆறு கிழக்கே கேரிந்தியாவுக்குள் இறங்குகிறது. மாவட்டத் தலைநகருக்கோ எதிர்த்திசையில் 1,525 மீட்டர் உயரமுள்ள கார்டிச் கணவாயைத் தாண்டிப் புஸ்டர் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றி வர வேண்டும். ஆறு ஒரு மாநிலத்தைப் பார்த்து ஓட, நிர்வாகம் இன்னொரு மாநிலத்தைப் பார்த்து நிற்கிறது.

வருவாயும் செலவும்

சிற்றூராட்சிகளை ஒன்றாக இணைக்க வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் பணம் சார்ந்தது. ஆஸ்திரிய ஊராட்சிகளின் வருவாயில் பெரும்பங்கு, கூட்டாட்சி அரசு திரட்டும் வரிகளில் கிடைக்கும் பங்கிலிருந்து வருகிறது. அந்தப் பங்கு மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டது. அதிலும் பெரிய ஊர்களுக்குத் தலைக்கு அதிகம் கிடைக்கும்படி படிநிலை வைத்திருக்கிறார்கள். நிறுவனங்கள் தரும் ஊதியத் தொகையில் 3 விழுக்காடு உள்ளூர் வரியாக ஊராட்சிக்கு வரும். தொழிற்சாலை உள்ள ஊருக்கு அது பெரிய வரவு. விடுதிகளும் சில கடைகளும் மட்டுமே உள்ள ஊருக்கு அது சொற்பம்.

செலவோ மக்கள்தொகையைப் பார்த்து வருவதில்லை. செயின்ட் யாக்கோப் தன் 186 சதுர கிலோமீட்டர் நிலத்தில் சிதறிய பண்ணை வீடுகளுக்குக் குடிநீர்க் குழாயும் சாலையும் பனி அகற்றலும் தர வேண்டும். தலைக்கு ஆகும் செலவு சமவெளி ஊரைப் போலப் பல மடங்கு. 2001 கணக்கெடுப்பில் 50,000ஐத் தாண்டியிருந்த மாவட்ட மக்கள்தொகை அதன் பிறகு இறங்கிவிட்டது. படித்த இளைஞர்கள் இன்ஸ்ப்ருக், கிராட்ஸ், வியன்னா என்று போய்விடுகிறார்கள். ஒரு குடும்பம் வெளியேறினால் பள்ளியில் பிள்ளைகள் குறைவதோடு வரிப்பங்கும் குறைகிறது.

ஊராட்சியின் பழைய சொத்து காடும் மேய்ச்சல் நிலமும். டிரோலில் இவற்றில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் விவசாயிகளின் கூட்டு அமைப்புகளின் பெயருக்கு மாற்றப்பட்டது. அது ஊர்ச் சொத்தே என்றும், விவசாயத் தேவைக்கு மேல் அதிலிருந்து வரும் பயன் ஊராட்சிக்கே உரியது என்றும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008ல் தீர்ப்பளித்தது. ஊர்களுக்குள் நீண்ட மனக்கசப்பை உண்டாக்கிய வழக்கு அது. ஆனாலும் நிலத்தின் மீது ஊராட்சிக்கு உள்ள உரிமையை அது தெளிவாக்கியது என்பதால் முக்கியமானது.

பெரிய ஊராட்சி என்றால் நிதி தானாகச் சீராகும் என்பதற்கும் இந்த மாவட்டம் சான்று தரவில்லை. பரப்பில் முதலிடத்திலும் மக்கள்தொகையில் இரண்டாம் இடத்திலும் உள்ள மாட்ரைதான் 2020களின் தொடக்கத்தில் கடும் கடன் நெருக்கடியில் சிக்கி மாநில அரசின் உதவியை நாட வேண்டியிருந்தது.

ஆபத்தும் பொறுப்பும்

மலையில் ஊராட்சி செய்யும் வேலைகளில் வெளியே அதிகம் தெரியாதது ஆபத்தைக் கண்காணிப்பது. 1882ல் டிரோலையும் கேரிந்தியாவையும் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பின் 1884ல் காட்டாறு, பனிச்சரிவுத் தடுப்புக்கென்று அரசு ஒரு துறையை உருவாக்கியது. 1965லும் 1966லும் லீயன்ஸ் மாவட்டம் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்தது. இன்று ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஆபத்து மண்டல வரைபடம் உண்டு. சிவப்பு மண்டலத்தில் புதுவீடு கட்ட முடியாது. மஞ்சள் மண்டலத்தில் நிபந்தனைகளோடு கட்டலாம். தன் வயலில் மகனுக்கு வீடு கட்ட விரும்பும் விவசாயியிடம் முடியாது என்று சொல்ல வேண்டியவர் மேயர். அவர் அந்த ஊர்க்காரர். அந்த விவசாயியை நாள்தோறும் பார்ப்பவர்.

குளிர்காலத்தில் அந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 1991ஆம் ஆண்டு டிரோல் சட்டப்படி பனிச்சரிவு ஆபத்துள்ள ஊராட்சிகளில் பனிச்சரிவுக் குழு இருக்க வேண்டும். மலை வழிகாட்டிகள், வனக்காவலர்கள், விவசாயிகள் என ஊரின் சரிவுகளை அறிந்தவர்கள் அதில் இருப்பார்கள். இரவெல்லாம் பனி கொட்டிய பின் விடியுமுன் அவர்கள் வேலை தொடங்குகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, புதுப்பனி எந்தக் குழியில் சேர்ந்திருக்கும், பகலில் வெயில் ஏறினால் எந்தச் சரிவு முதலில் கழன்று வரும் என்று பார்க்கிறார்கள். பனியை வெட்டி அடுக்குகளை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். கடினமான மேலடுக்கின் கீழே சர்க்கரைபோல் உதிரும் அடுக்கு இருந்தால் ஆபத்து. பள்ளிப் பேருந்து புறப்படுமுன் சாலையை மூடலாமா என்று மேயருக்குச் சொல்லியாக வேண்டும். மூடினால் ஊரே அடைபடும். மூடாமல் விட்டுச் சரிவு இறங்கினால் உயிர் போகும். வழிமுறைகள் சட்டத்தில் இருக்கின்றன. எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்ற அறிவு அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் இருக்கிறது.

கடந்த சில ஆண்டுகள் இந்த வேலையைக் கடினமாக்கியிருக்கின்றன. 2018 அக்டோபர் இறுதியில் வீசிய வையா புயல் காடுகளைச் சாய்த்தது. 2019 நவம்பரிலும் 2020 டிசம்பரிலும் பெய்த பெரும்பனி மரங்களை முறித்து மின்கம்பிகளையும் சாலைகளையும் துண்டித்தது. விழுந்த ஊசியிலை மரங்களில் பட்டை வண்டு பெருகி, நின்ற மரங்களுக்கும் பரவியது. ஊருக்கு மேலே உள்ள காடுதான் பனியையும் பாறையையும் பிடித்து நிறுத்துகிறது; அது பட்டுப்போனால் இரும்பு வேலிகளால் ஈடுசெய்ய வேண்டும். மீண்டும் நட்ட மரம் அந்த வேலையைச் செய்யப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கால்ஸ் எடுத்த முடிவு

சிறிய ஊராட்சியின் குரலுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு மாவட்ட வரலாற்றில் ஒரு தெளிவான பதில் இருக்கிறது. கால்ஸுக்கு மேலே, குரோஸ்குளோக்னரின் மேற்கில் டோர்ஃபர் பள்ளத்தாக்கு இருக்கிறது. குறுகிய மலையிடுக்கைத் தாண்டினால் அகன்ற மேய்ச்சல் மேடு, மரக்குடில்கள், பனியாற்று நீர் ஓடும் ஓடை. அந்தப் பள்ளத்தாக்கின் வாயில் 220 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டி, மாவட்டத்தின் பனியாற்று ஓடைகளைச் சுரங்கங்களால் திருப்பிக் கொண்டுவந்து மின்சாரம் எடுப்பது திட்டம். பத்தாண்டுக் கணக்கில் பேசப்பட்ட திட்டம் அது. வேலையும் வருவாயும் வரும் என்று பலர் நம்பினார்கள்.

எதிர்ப்பை முன்னெடுத்தவர்கள் கால்ஸின் பெண்கள். வீடு வீடாகப் பேசினார்கள். தங்கள் தலைக்கு மேலே அணை நிற்கும் ஊரில் பிள்ளைகளை வளர்க்க முடியாது என்றார்கள். ஓடையும் மேய்ச்சலும் போய்விட்டால் ஊரில் மிச்சம் என்ன என்று கேட்டார்கள். 1987ல் ஊரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 63 விழுக்காட்டினர் அணை வேண்டாம் என்றனர். 1989ல் திட்டம் கைவிடப்பட்டது. அதன் பிறகே ஹோஹே டவுர்ன் தேசியப் பூங்காவின் டிரோல் பகுதிக்கான சட்டம் 1991ல் நிறைவேறி, 1992ல் பூங்கா நடைமுறைக்கு வந்தது. கேரிந்தியாவும் சால்ஸ்பர்க்கும் 1980களின் முற்பகுதியிலேயே தம் பகுதிகளை அறிவித்துவிட்டன. 1,850 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் அந்தப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு இந்த மாவட்டத்தில் இருக்கிறது.

கால்ஸின் பொருளாதாரத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. 1860களில் பிராக் நகர வணிகர் யோஹான் ஷ்டூடல் குளோக்னரின் இந்தப் பக்கத்தில் மலைக்குடில் கட்ட உதவினார். 1869ல் கால்ஸ் மலை வழிகாட்டிகளின் சங்கம் உருவானது. அன்றிலிருந்து இந்த ஊரின் பிழைப்பு மலையேறுபவர்களோடு பிணைந்திருக்கிறது. மலையும் ஓடையும் கெடாமல் இருப்பது இங்கே உணர்ச்சிக்கான விஷயம் மட்டுமல்ல. அடுத்த தலைமுறையின் சம்பளமும் அதில் அடங்கியிருக்கிறது.

எல்லாச் சிற்றூராட்சிகளும் எப்போதும் இயற்கையின் பக்கமே நின்றன என்று சொல்வது உண்மையாகாது. 2010களில் மேல் ஈஸலில் ஒரு நீர்மின் திட்டம் எழுந்தபோது ஃபிர்கன், பிரேக்ராட்டன் ஊராட்சிகளே அதில் பங்கெடுத்தன. வருவாய் குறைந்த ஊர்களுக்கு அது தேவையாகப்பட்டது. ஐரோப்பிய இயற்கைக் காப்புச் சட்டங்களின் கீழ் ஈஸல் கொண்டுவரப்பட்டதும் அந்தத் திட்டம் நின்றது. ஆற்றைத் தடையின்றி ஓடவிடும் ஊருக்கு வெளியார் என்ன தருகிறார்கள் என்ற கேள்வி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அது நியாயமான கேள்வியும்கூட.

இணைப்பின் அனுபவங்கள்

ஊராட்சிகளை இணைத்த இடங்களைப் பார்ப்போம். ஸ்டைரியா மாநிலம் 2015ல் தன் 542 ஊராட்சிகளை 287 ஆகக் குறைத்தது. ஸ்விட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலம் இன்னும் துணிவாகச் செய்தது. 2006ல் திறந்தவெளி மக்கள் மன்றத்தில் வாக்களித்து, 25 ஊராட்சிகளை 2011 முதல் மூன்றாக்கியது. கிளாரஸின் மக்கள்தொகை லீயன்ஸ் மாவட்டத்துக்கு நெருக்கமானது. அதுவும் ஆல்ப்ஸ் நிலம்தான். ஆகவே கிளாரஸால் முடிந்தது லீயன்ஸால் ஏன் முடியாது என்று கேட்கத் தோன்றும்.

விடை நிலத்தில் இருக்கிறது. கிளாரஸ் அடிப்படையில் லின்த் ஆற்றின் ஒரே பள்ளத்தாக்கு. ஊர்கள் ஒரு தண்டில் கோத்தவை போல் வரிசையாக நிற்கின்றன. மேலிருந்து கீழே வந்தால் எல்லா ஊர்களையும் பார்த்துவிடலாம். லீயன்ஸ் மாவட்டமோ ஏழெட்டுப் பள்ளத்தாக்குகள். கால்ஸிலிருந்து பிரேக்ராட்டனுக்குப் போக வேண்டுமானால் ஈஸல் பள்ளத்தாக்குக்கு இறங்கி, மாட்ரைக்கு ஏறி, ஃபிர்கன் வழியாக மறுபடி உள்ளே போக வேண்டும். இரண்டையும் ஒரே ஊராட்சியாக்கினால் பனிக்காலக் காலையில் ஒரு சரிவின் மீது முடிவெடுக்க வேண்டியவர் வேறொரு பள்ளத்தாக்கில் அடைபட்டுக் கிடப்பார்.

டிரோல் மாநிலம் பெரும்பாலும் கட்டாய இணைப்பைத் தவிர்த்தே வந்திருக்கிறது. 2022ல் பிரென்னர் சாலையில் உள்ள இன்னொரு மாட்ரை தன் இரண்டு அண்டை ஊர்களோடு விருப்பத்தின்பேரில் இணைந்ததும் மாநிலத்தின் ஊராட்சி எண்ணிக்கை 277 ஆனது. லீயன்ஸ் மாவட்டம் தேர்ந்தெடுத்த வழி வேறு. மன்றங்களை அப்படியே வைத்துக்கொண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். மாவட்ட மருத்துவமனையை ஊராட்சிகள் கூட்டாக நடத்துகின்றன. குப்பை மேலாண்மைக்கு மாவட்டம் தழுவிய சங்கம் இருக்கிறது. லீயன்ஸ் வடிநிலத்தைச் சேர்ந்த 15 ஊராட்சிகள் திட்டமிடலில் ஒன்றாக உட்கார்ந்து, தொழிற்பேட்டை எங்கே அமைந்தாலும் வருவாயைப் பகிர்வது பற்றிப் பேசுகின்றன.

முடிவாக

மக்கள்தொகையை 33ஆல் வகுத்து, ஒரு ஊராட்சிக்கு சராசரி 1,500 பேர் என்று கணக்கிட்டு, இது வீண்செலவு என்று தீர்ப்புச் சொல்வது எளிது. அந்தக் கணக்கில் நிலம் இல்லை. மலை மாவட்டத்தில் ஊராட்சி ஆள்வது மக்களை மட்டுமல்ல. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் அதன் சரிவுகளையும் காட்டையும் ஓடைகளையும் சேர்த்தே ஆள்கிறது. கால்ஸிலும் செயின்ட் யாக்கோப்பிலும் வாழும் சில நூறு குடும்பங்கள் கவனித்துக்கொள்ளும் காடும் ஓடையும்தான் கீழே லீயன்ஸ் நகரத்தின் வெள்ளத்தைக் குறைக்கின்றன. அந்த வேலைக்குச் சம்பளம் எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே ஒரே விடை எல்லா ஊராட்சிகளுக்கும் பொருந்தாது. வடிநிலத்தில், வீடுகள் தொடர்ந்து அமைந்து எல்லை எது என்று தெருவில் தெரியாத ஊர்கள், மக்கள் விரும்பினால் இணையலாம். அங்கே நிலம் குறுக்கே நிற்கவில்லை. ஆஸ்லிங் போல, சாலையோர ஊர்களும் நிர்வாகத்தைச் சேர்த்து நடத்தலாம். பள்ளத்தாக்கின் தலைமாட்டு ஊர்களை மட்டும் தனி ஊராட்சிகளாகவே விட்டுவைக்க வேண்டும். கணக்கு, ஊதியப் பட்டியல், கட்டட வரைபடச் சோதனை போன்ற அலுவலக வேலைகளை அவை பக்கத்து ஊர்களோடு பகிரலாம். முடிவெடுக்கும் உரிமையும் பொறுப்பும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்க வேண்டும்.

அதோடு வரிப்பங்கீட்டு முறையும் மாற வேண்டும். தலைகளை எண்ணிப் பணம் கொடுக்கும் முறையில், பராமரிக்கும் நிலத்தின் பரப்பும் தாங்கும் ஆபத்தின் அளவும் சேர்க்கப்பட வேண்டும். இல்லாவிட்டால், இளைஞர்கள் போகப் போக வருவாய் குறைந்து, ஊராட்சிகள் தாமாகவே தேய்ந்துவிடும். இணைப்பை அறிவிக்க ஒரு சட்டமும் தேவைப்படாது. அப்படித் தேய்ந்த பள்ளத்தாக்கில் சாலையை மூடலாமா திறக்கலாமா என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார். அந்தச் சரிவுகளை அறிந்தவர்கள் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே முடிவெடுக்க வழி செய்வதுதான் ஆல்ப்ஸ் மாவட்டம் ஒன்றின் உள்ளாட்சிக் கொள்கைக்கு முதல் கடமை.